என் பயத்துக்கு ஜியாக்ரஃபி தெரியாது

பம்ப்செட் விற்கிறவனுக்கு உலக வரைபடம் எதற்கு என்பது ரொம்ப வருடம் என் கொள்கையாக இருந்தது. தண்ணீர் கீழே கிடக்க வேண்டும், அதை மேலே ஏற்ற ஆசைப்படுகிற மனுஷர் ஒருத்தர் பக்கத்தில் இருக்க வேண்டும். அது போதும், எங்கள் கோயமுத்தூர் மோட்டார் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். அது கருகிப்போனால் பின்னாலேயே நானும் போய்ச் சேருவேன். விசிட்டிங் கார்டில் ‘எக்ஸ்போர்ட் மேனேஜர்’ என்று இருக்கும். செய்கிற வேலை, வைண்டிங் கருகின மோட்டாரை முகர்ந்து பார்த்து உச்சுக்கொட்டுவது.

அப்படித்தான் ஆப்பிரிக்கா போகும்படி ஆயிற்று. “ஆப்பிரிக்காவுல எங்கேங்க?” என்றாள் மனைவி. “அதான், ஆப்பிரிக்கா” என்றேன், ஏதோ பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்தால் வந்துவிடும் என்கிற தோரணையில். அவள் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் எடுப்பவள். ராத்திரி தட்டில் தோசையைப் போட்டுவிட்டு, “54 நாடுங்க. நம்ம நாட்டை ஒன்பது தடவை உள்ளே வெச்சாலும் இன்னும் இடம் மிச்சம் இருக்கும்” என்றாள். இரண்டாவது தோசை வரவில்லை.

நீங்களும் என் கட்சிதான் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். ஆப்பிரிக்கா என்றால் எனக்குள் ஒரே படம்தான் ஓடும்: கொசு. கெய்ரோவில் ஆரம்பித்து கேப் டவுன் வரைக்கும் ஒரே ஜாதிக் கொசு, ஒரே பசியோடு, எனக்காகவே காத்திருக்கும். தஞ்சாவூரில் வெள்ளம் என்று செய்தி கேட்டு லடாக்கில் படகு தேடுகிறவனைப் பார்த்தால் சிரிப்பீர்கள் அல்லவா? அந்தப் படகைத் தூக்கிக்கொண்டுதான் நான் இத்தனை காலமும் அலைந்தேன்.

பயந்ததே தப்பு என்று சொல்ல மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ல் உலகம் பூராவும் 26 கோடிப் பேருக்கு மேல் மலேரியா. இறந்தவர்கள் ஏறக்குறைய 6 லட்சம் பேர். இந்த இரண்டு கணக்கிலும் 100-க்கு 94, 95 பங்கு ஆப்பிரிக்காவில். நைஜீரியா ஒரு நாட்டில் மட்டும் உலகத்து நோயாளிகளில் கால்வாசி. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுகூட ஆகாத பிள்ளைகள். அதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. இந்தக் கதையில் சிரிப்புக்குரிய சாமான் நான் ஒருவன்தான்.

முதல் பயணத்துக்கு முன்னால் சென்னைக்குப் போய், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டேன். மஞ்சள் அட்டை ஒன்று கையில் வந்தது. பக்கத்தில் காங்கோவுக்குப் போகிற வெல்டர் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். “இனி மலேரியா நம்மளை ஒண்ணும் பண்ணாது தம்பி” என்று தைரியம் சொன்னேன். “அண்ணா, இது மஞ்சள் காய்ச்சலுக்குங்ணா. அது வேற கொசு, பகல்ல கடிக்கிறது. மலேரியாக் கொசு ராத்திரியிலதான் வரும், அதுக்கு மாத்திரைதான்” என்றான். தைரியம் சொன்னவனை அப்படியே விட்டுவிட்டால் பாவம் என்று நினைத்தானோ என்னவோ, அவன் வாங்கி வைத்திருந்த டீயில் பாதியை எனக்குக் கொடுத்தான்.

பிற்பாடு ஒருநாள், மலேரியாவுக்கும் ஊசி வந்துவிட்டது என்று பேப்பரில் பார்த்தேன். 2021-ல் ஒன்றுக்கு உலக சுகாதார நிறுவனம் பச்சைக்கொடி காட்டியது, 2023-ல் இன்னொன்றுக்கு. இரண்டாவது, ஆக்ஸ்ஃபோர்டில் உருவாகி நம் புனேயில் தயாராவது. சுதேசிச் சரக்கு! அன்று சாயங்காலமே எங்கள் டாக்டரிடம் கையை நீட்டினேன். “அது அங்கத்த குழந்தைகளுக்குங்க. அஞ்சு மாசத்துல ஆரம்பிக்கோணும்” என்றவர், என் நரைத்த மீசையைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “நீங்க கொஞ்சம் லேட்டுங்க” என்றார்.

ஊசி கைவிட்டதும் டானிக் வாட்டரில் இறங்கினேன். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் கொயினாவைத் தண்ணீரில் கலந்து குடித்தே மலேரியாவைச் சமாளித்தான் என்று ஏர்போர்ட் லவுஞ்சில் ஒருவர் எனக்கு வகுப்பெடுத்தார். எடுத்தவரின் கிளாசில் பாதி ஜின் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். நான் ஜின்னை ஒதுக்கிவிட்டு டானிக்கை மட்டும் பாட்டில் பாட்டிலாகக் குடித்தேன். கசப்பு ஏறஏற, தேகம் பத்திரமாகிறது என்று நம்பினேன்.

ஊருக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் டானிக் வாட்டரில் 83 மில்லிகிராம் கொயினாவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க விதி. மலேரியாவில் படுத்தவருக்கு வைத்தியமாகக் கொடுப்பது ஒரு நாளைக்கு 1,800 மில்லிகிராம் வாக்கில். ஆக, தினம் 20 லிட்டருக்கு மேல் குடித்தாக வேண்டும். எங்கள் அரை ஹெச்.பி. மோட்டார் இல்லாமல் அது ஆகிற காரியமில்லை.

இந்தத் தயாரிப்போடு நைரோபியில் போய் இறங்கினேன். முழுக்கைச் சட்டை, பேண்ட்டுக்கு மேல் இழுத்துவிட்ட சாக்ஸ், கழுத்தைச் சுற்றித் துண்டு, திறந்திருக்கிற அங்குலமெல்லாம் ஒடோமாஸ். ஹோட்டல் ரிசப்ஷனில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஹீட்டர் வேண்டுமா என்று கேட்டாள். குளிருகிற ஆள் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. அப்புறம்தான் எனக்கும் குளிர் தெரிந்தது.

நைரோபி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். நம் கோத்தகிரி உயரம். மலேரியாக் கிருமி நேராக நம் உடம்புக்குள் வருவதில்லை, முதலில் கொசுவின் உடம்பில் வளர்ந்து முற்ற வேண்டும். சூடான ஊரில் அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் போதும். குளிரக் குளிர நாள் கூடிக்கொண்டே போகும். 18 டிகிரிக்குக் கீழே போனால் ஃபால்சிபாரம் என்கிற பொல்லாத வகை வளர்வதே நின்றுவிடுகிறது. கிருமி முற்றுவதற்குள் கொசுவின் ஆயுசு முடிந்துவிடும். அதனால் மேட்டு ஊர்களில் அபாயம் குறைவு, 2,500 மீட்டருக்கு மேலே அநேகமாகக் கிடையாது. இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் டீலர் ஆபீஸ் அக்கவுண்டண்ட். சரக்குக்கு மட்டும்தான் அவரிடம் பில் கேட்கலாம் என்று நினைத்திருந்தேன்.

இதிலிருந்து புத்தியுள்ள எவரும் ‘உயரத்தைப் பார்’ என்று கற்றுக்கொள்வார். நான் கற்றுக்கொண்டது, ‘ஆப்பிரிக்காவில் கொசுவே இல்லை, எல்லாம் கட்டுக்கதை.’

இந்த ஞானத்தோடு நைரோபியிலிருந்து கிசுமுவுக்குப் பறந்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகாத ஃப்ளைட். ஏறும்போது கோத்தகிரி, இறங்கும்போது விக்டோரியா ஏரிக்கரை. நடுவில் 600 மீட்டருக்கு மேல் கீழே வந்திருந்தேன். கென்யாவில் மலேரியா மிகக் கடுமையான பகுதி அந்த ஏரியைச் சுற்றித்தான், அதுவும் வருடம் பூராவும். அந்தக் கரையில், பொழுது சாய்கிற நேரத்தில், அரை டிராயரோடு உட்கார்ந்து முழுத் திலாப்பியா மீனை உரித்துக்கொண்டிருந்தேன். மீனை நான் சாப்பிட்டேன். மேஜைக்குக் கீழே வேறு பந்தி நடந்தது.

கூட வந்த உள்ளூர் மெக்கானிக் முழு பேண்ட்டில் இருந்தார். “உங்களுக்கு மலேரியா வருமா?” என்று கேட்டேன். சின்ன வயதில் பலதடவை வந்திருக்கிறதாம். தப்பிப் பிழைத்து வளர்ந்தவர்களுக்கு உடம்பில் ஒருமாதிரி பழக்கம் வந்துவிடும், வந்தாலும் பெரும்பாலும் லேசாகப் போய்விடும் என்றார். “அப்ப எனக்கும் கவலையில்லை. நானும் கொசுக்கடியிலேயே வளர்ந்தவன்தான்” என்றேன். எங்கள் வீடு அப்போது சிங்காநல்லூர்க் குளத்துப் பக்கம். ஆனால் சாக்கடையில் வளர்கிற கியூலெக்ஸ் கொசுவிடம் ஆயுசு பூராவும் கடிபட்டாலும் மலேரியாவுக்கு எதிராக ஒரு பைசா எதிர்ப்பு சேராதாம். சிங்காநல்லூர் எனக்குக் கொடுத்ததெல்லாம் சொறிகிற லாவகம் மட்டும்.

அங்கேயே பிறந்தவர்களுக்கும் அந்தப் பழக்கம் நிரந்தரமில்லை. எங்கள் குஜராத்தி டீலரின் அண்ணன் கிசுமுவில் பிறந்து இங்கிலாந்தில் லெஸ்டரில் குடியேறியவர். ‘சொந்த ஊருக்கு என்ன மாத்திரை?’ என்று தீபாவளிக்கு வந்தார், திரும்பிப் போய் ஆஸ்பத்திரியில் படுத்தார். ஐரோப்பாவுக்கு மலேரியாவோடு வந்து சேர்கிறவர்களில் சொந்தபந்தத்தைப் பார்க்கப் போனவர்கள்தான் அதிகம். இந்தக் கதையை டீலர் ரொம்ப விஸ்தாரமாக, என் முழங்காலையே பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்கு அந்தத் தடவை ஒன்றும் வரவில்லை. அதை அதிர்ஷ்டம் என்று ஒத்துக்கொள்ளாமல் திறமை என்று டைரியில் எழுதி வைத்தேன்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன், அங்கே என் சாதனைகள் பெரிது. எங்கள் வீதி மருந்துக்கடையில் ‘மலேரியா மாத்திரை’ என்றால் குளோரோகுயின்தான் வரும். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஃபால்சிபாரம் அதற்கு அடங்காமல் போனது 1970-களின் கடைசியிலேயே. கொஞ்ச வருடத்தில் கண்டம் பூராவும் அடங்காமல் போயிற்று. அந்தச் செய்தி எனக்கு வந்துசேர நாற்பது வருடம் ஆயிற்று. அதுவரைக்கும் ஒரு பட்டை என் சூட்கேசில் ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்தது.

டாக்டர் அடுத்ததாக மெஃப்ளோகுயின் எழுதிக் கொடுத்தார். வாரத்துக்கு ஒன்றுதான். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே ஆரம்பித்து, திரும்பி வந்து நாலு வாரம் தொடர வேண்டும். கனவுகள் கொஞ்சம் துலக்கமாக வரலாம் என்றார். வந்தன. எங்கள் பர்ச்சேஸ் மேனேஜர் ஆறு இன்ச் சப்மர்சிபிளை முழுசாக விழுங்கிவிட்டு, வாரண்டி எங்கே என்று என் மார்பில் உட்கார்ந்து கேட்டார். மனசு சம்பந்தப்பட்ட தொந்தரவு இருப்பவர்களுக்கு இந்த மாத்திரையே ஆகாது என்பார்கள். எனக்கு அப்படி எதுவும் முன்னால் இல்லை. பர்ச்சேஸ் மேனேஜர்தான் இருந்தார்.

அதை விட்டு டாக்ஸிசைக்ளினுக்கு மாறினேன். விலை குறைவு, தினம் ஒன்று. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்து விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது என்று அட்டையிலேயே போட்டிருந்தது. நான் ராத்திரி பஸ்ஸில், எச்சிலைக் கூட்டி விழுங்கிவிட்டு, சீட்டைச் சாய்த்துப் படுத்தேன். நடுச்சாமத்தில் நெஞ்சுக்குள் தீ. இடது கையை வேறு மடித்து வைத்துத் தூங்கியிருந்ததால் அதுவும் மரத்துக் கிடந்தது. விடிந்ததும் கிளினிக்கில் இ.சி.ஜி. எடுத்தார்கள். இதயம் நன்றாக இருந்தது, மாத்திரை தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு உணவுக்குழாயைப் புண்ணாக்கியிருந்தது. இன்ஷூரன்ஸ் படிவத்தில் ‘காரணம்’ என்ற இடத்தில் ‘எச்சில்’ என்று எழுத முடியாமல் காலியாக விட்டேன்.

அதே டாக்ஸிசைக்ளினுக்கு இன்னொரு குணம் உண்டு: வெயில் பட்டால் தோல் சிவந்து உரியும். தலைமுறை தலைமுறையாக வெயிலில் காய்ந்த நம் தோலை அது என்ன செய்துவிடும் என்று டர்பன் கடற்கரையில் பனியனோடு உலாத்தினேன். மூக்கு உரிந்தது, காது உரிந்தது. 1860-ல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு முதல் கப்பல் வந்து சேர்ந்த ஊர் டர்பன். அப்படி வந்தவர்களின் வம்சத்தில் ஒரு பெரியவரைக் கோயில் வாசலில் சந்தித்தேன். தமிழ் மறந்துவிட்டது, ‘தம்பி’ மட்டும் பாக்கி இருந்தது. “தம்பி, மூஞ்சியில என்ன?” என்பதை இங்கிலீஷில் கேட்டார். மலேரியா மாத்திரையின் விளைவு என்றேன் பெருமையாக. “டர்பனில் மலேரியா இல்லையே!” என்றார்.

இல்லைதான். கேப் டவுனில் இல்லை, ஜோஹன்னஸ்பர்க்கில் இல்லை. தென்னாப்பிரிக்காவில் அது வடகிழக்கு ஓரத்துச் சமாச்சாரம்: மொசாம்பிக், ஜிம்பாப்வே எல்லையை ஒட்டின தாழ்நிலம், க்ரூகர் வனப்பூங்கா, குவாசூலு-நட்டாலின் வடக்கு விளிம்பு. அதுவும் செப்டம்பரிலிருந்து மே வரைதான் சீசன். நான் போனது ஜூலையில், டர்பனுக்கு. இடமும் தப்பு, மாதமும் தப்பு. மூக்கு உரிந்தது மட்டும் ஒரிஜினல்.

எகிப்திலும் இதே கூத்துதான். கெய்ரோ ஹோட்டலில் வலை கேட்டு ரகளை பண்ணினேன். அந்த நாட்டுக்கு மலேரியா ஒழிந்த நாடு என்று 2024 அக்டோபரில் சான்றிதழே கொடுத்துவிட்டார்கள். மொராக்கோ 2010-லும், அல்ஜீரியா 2019-லும் வாங்கிவிட்டன. மலேரியாக் கிருமியை மனுஷ ரத்தத்தில் லாவரான் என்கிற பிரெஞ்சு டாக்டர் முதன்முதலில் பார்த்ததே அந்த அல்ஜீரியாவில்தான், 1880-ல். கண்டுபிடித்த ஊரில் நோய் போய்விட்டது. எனக்குத்தான் தகவல் போகவில்லை.

மொரிஷியஸுக்குச் சொந்தச் செலவில் கொசுவலை கொண்டுபோன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஏர்போர்ட்டிலேயே சுகாதார அதிகாரி மறித்து, எந்தெந்த நாடு போய் வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார். எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோய், இங்கே மலேரியா அபாயம் அதிகமோ என்று கேட்டேன். இல்லை சார், எங்களிடம் ஒழிந்துவிட்டது, உள்ளே வராமல் பார்த்துக்கொள்கிறோம் என்றார். 1970-களில் ஒருமுறை ஒழித்து, புயலுக்குப் பின்னால் அது திரும்ப வந்து, பட்டுத் தெளிந்தவர்கள் அவர்கள். ரெண்டு நாள் கழித்து ஒருவர் ஹோட்டலுக்கே வந்து என் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போனார். அந்தத் தீவில் அபாயம் கொசு இல்லை, நான்.

பயப்பட வேண்டிய ஊரில் ஒழுங்காகப் பயந்ததே இல்லையா என்று கேட்பீர்கள். ஒருமுறை, அக்ராவில். கானாவில் மலேரியா வருடம் பூராவும், நாடு பூராவும் உண்டு. முறைப்படி மருந்து நனைத்த வலையைக் கட்டி, விளிம்பை மெத்தைக்கடியில் செருகி, டார்ச் அடித்துச் சரிபார்த்துப் படுத்தேன். விளக்கை அணைத்த பிறகு காதோரம் பாட்டு. விடிய விடிய வலை எங்கள் இரண்டு பேரையும் பத்திரமாக வைத்திருந்தது.

இதெல்லாம் ஒத்திகை. அசல் அரங்கேற்றம் எத்தியோப்பியாவில்.

அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கு மேல். ஊட்டியைவிட உயரம். மலேரியா கிடையாது. ராத்திரியில் மூச்சு விட்டால் புகை வருகிற ஊரில் நான் ஒடோமாஸ் தடவி, வலை கட்ட ஆணி தேடி, அதற்குள் வாங்கியிருந்த விலை உயர்ந்த அடோவாகுவோன்-ப்ரோகுவானில் மாத்திரையை நாள் தவறாமல் முழுங்கினேன். ரூம் பையன் ஆணிக்குப் பதிலாக இன்னொரு கம்பளி கொண்டுவந்தான். ஒரு கொசுவைக்கூடப் பார்க்கவில்லை. கிளம்புகிற அன்று ட்யூபில் ஒடோமாஸும் தீர்ந்தது, எனக்குப் பொறுமையும் தீர்ந்தது. மாத்திரை விலையைப் பெருக்கிப் பார்த்து, மீதியைப் பையின் அடியில் தள்ளினேன்.

அடுத்து டிரே டாவா. கிழக்கே, 1,200 மீட்டர் வாக்கில் இறங்கிவிட்ட ஊர். நல்ல உஷ்ணம், காய்ந்த காற்று, தெருவெல்லாம் நம் பஜாஜ் ஆட்டோ. மழையைக் காணோம், ஆறு மணலாகக் கிடந்தது. தண்ணீரே இல்லாத ஊரில் கொசு எங்கே முட்டையிடும் என்று எனக்கு நானே கேட்டுச் சிரித்துக்கொண்டேன். தண்ணீர் வராததால்தானே பம்ப்செட்காரனைக் கூப்பிட்டிருக்கிறார்கள்? குழாயில் தினம் வராத ஊரில் ஜனங்கள் டிரம்மிலும் சிமெண்ட் தொட்டியிலும் பிடித்து வைப்பார்கள்தானே? முப்பது வருடம் தண்ணீர்த் தொட்டியோடு பிழைப்பு நடத்துகிறவனுக்கு இது தோன்றவில்லை. தோன்றாததோடு நிற்காமல், “தொட்டியைப் பெருசாக் கட்டுங்க, அப்பத்தான் மோட்டார் நிம்மதியா ஓடும்” என்று ஊர் ஊராக உபதேசம் வேறு செய்துகொண்டிருந்தேன்.

ஆப்பிரிக்காவின் பழைய மலேரியாக் கொசுவுக்கு மழை வேண்டும், கிராமத்துக் குட்டை வேண்டும். 2012-ல் ஜிபூட்டியில் ஒரு புது விருந்தாளியைக் கண்டுபிடித்தார்கள்: அனாஃபிலிஸ் ஸ்டெஃபென்சி. நம் பக்கத்துக் கொசு. சென்னையில் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளர்ந்து, டவுனுக்குள்ளேயே மலேரியா பரப்பிப் பேர் வாங்கினது. 2016-ல் எத்தியோப்பியாவிலும் அகப்பட்டது. 2022-ல் டிரே டாவாவில், மழை இல்லாத மாதங்களில், 2,400 பேருக்கு மேல் மலேரியா வந்தபோது தேடிப்போனவர்கள் தண்ணீர்த் தொட்டிகளில் இதைத்தான் பார்த்தார்கள். இந்தச் செய்தியெல்லாம் நான் போவதற்கு முன்பே இன்டர்நெட்டில் இருந்தது. நான் தேடிப் பார்த்தது, டிரே டாவாவில் தயிர் கிடைக்குமா என்று.

ஊர் திரும்பி இரண்டாவது வாரம் குளிர் வந்தது. கோயமுத்தூர் ஏப்ரலில், இரண்டு போர்வைக்கடியில் பல் கிடுகிடுத்தது. அப்புறம் ஜுரம், அப்புறம் வேர்வை, அப்புறம் நான் சொன்ன டயக்னோசிஸ்: “வைரல்.” மனைவி நிலவேம்பு காய்ச்சிக் கொடுத்தாள். மறுநாளும் குளிர் வந்ததும் ஆட்டோவில் ஏற்றினாள்.

“வெளியூர் போனீங்களா?” என்றார் டாக்டர்.

“போனேனுங்க. சென்னை.”

“சென்னைக்கு முன்னாடி?” இதைக் கேட்டது டாக்டர் இல்லை, பக்கத்தில் நின்ற என் மனைவி.

விரலில் குத்தி, அட்டையில் ஒரு சொட்டு விட்டார்கள். கால் மணி நேரத்தில் கோடு விழுந்தது. ஃபால்சிபாரம். டாக்டர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. நாள் கடத்தினால் மூளை, சிறுநீரகம் வரைக்கும் போய்விடும், உடனே அட்மிட் ஆகுங்கள் என்றார். ஆப்பிரிக்கா போய் வந்து மூன்று மாதத்துக்குள் ஜுரம் என்றால், ஏன், ஒரு வருடம் ஆகியிருந்தாலும், முதல் வார்த்தையாக அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னார். “தடுப்பு மாத்திரை சாப்பிட்டீங்களா?”

“அடிஸ்ல சாப்பிட்டேனுங்க.”

அவர் போனை எடுத்து ஏதோ பார்த்தார். ஊர் எத்தனை மீட்டர் என்று பார்த்திருக்க வேண்டும். அந்த மாத்திரையை அபாயமான இடத்துக்குப் போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே ஆரம்பித்து, அங்கே இருக்கும்வரை தினமும் தின்று, விட்டு வந்த பிறகும் ஏழு நாள் தொடர வேண்டும், கிருமி முதலில் ஈரலில் ஒளிந்திருக்கும் என்று சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டே காட்டினார். நான் கிருமி வந்து ஒளிவதற்கு முன்பே, சரியாக நேரம் பார்த்து நிறுத்தியிருந்தேன். ஆர்ட்டிமிசினின் கலந்த கூட்டு மாத்திரை மூன்று நாள், கூடவே ஒருவேளை ப்ரைமாகுயின். ஜுரம் இறங்கிற்று. கடித்தது ஆப்பிரிக்கக் கொசுவா, நம்ம பக்கத்துக் கொசுவா என்று கேட்டேன். ரத்தத்தில் அதெல்லாம் தெரியாதுங்க என்றார்.

இதோடு முடிந்திருந்தால் வீட்டுக்குள் அமுக்கியிருப்பேன். மலேரியா என்றால் ஆஸ்பத்திரி சுகாதாரத் துறைக்குச் சொல்லியாக வேண்டும். நான் வீட்டுக்கு வந்த மறுநாள் வீதி முனையில் மாநகராட்சி ஜீப் நின்றது. வீடு வீடாகப் போய், ஜுரம் இருக்கிறவர், இல்லாதவர் எல்லோருக்கும் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். எங்கள் வீதிக்கு என்னால் நேர்ந்த முதல் பொதுச்சேவை அது.

ஒருவர் எங்கள் மொட்டை மாடிக்கு ஏறினார். ஓவர்ஹெட் டேங்க் மூடி போன ஐப்பசிக் காற்றிலேயே பறந்துபோயிருந்தது. கரண்டியில் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் காட்டினார். “பாருங்க சார். மத்த கொசுப் புழுன்னா தலைகீழாத் தொங்கும். இது படுத்தாப்புல மிதக்குது. அனாஃபிலிஸ்.” அதாவது கீழே கட்டிலில் நான் கிருமியோடு படுத்திருக்க, சரியாக என் தலைக்கு மேலே, அதை எடுத்து வீதிக்கு விநியோகம் பண்ண வேண்டிய ஸ்டாஃப் வளர்ந்துகொண்டிருந்தது. டேங்குக்குத் தண்ணீர் ஏற்றுவது எங்கள் கம்பெனி மோட்டார், ஸ்டார் ரேட்டிங் உள்ளது.

அபேட் மருந்து ஊற்றினார்கள், நோட்டீஸ் கொடுத்தார்கள், கேட்டில் சாக்பீஸால் தேதி போட்டுவிட்டுப் போனார்கள். நல்லவேளையாக யாருக்கும் பாசிட்டிவ் இல்லை. அடுத்த வீட்டு ரிட்டயர்ட் பேங்க் மேனேஜர் விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டே காம்பவுண்டு ஓரம் வந்தார். உடம்பு தேவலையா என்று விசாரித்தார். அடுத்த டூர் எங்கே, எப்போது போய் எப்போது வருகிறீர்கள் என்று ரொம்பப் பிரியமாகக் கேட்டார். ஐவரி கோஸ்ட், திரும்புவது ஆடி கடைசியில் என்றேன்.

“நல்லதுங்க, தேதியைச் சொன்னது” என்றார். “அந்த மாசம் பூரா நாங்க பொண்ணு வீட்டுக்குப் போயிர்றமுங்க.”